மாமனாருக்கு ஆகாத மாத்திரை

விடிந்ததும் விடியாததுமாக மாத்திரை டப்பாவைத் திறந்த மருமகள் அதை உள்ளங்கையில் கவிழ்த்து எண்ணினாள். போன வாரம்தான் பிரித்த மெக்னீசிய டப்பா. அறுபதில் அவள் தின்றது ஏழு. தினமும் உள்ளே பாராமல் ஒன்றைக் குலுக்கி எடுப்பவள் இன்றுதான் கவனித்தாள்; அடியில் கிடந்தவை ஐந்தே ஐந்து!

ஒற்றைத் தலைவலிக்காரி அவள். மாதத்தில் எட்டு நாள் தையல் மெஷினை மூடிவிட்டு இருட்டறையில் சுருண்டு கிடப்பாள். "வேலைன்னா மட்டும் வருமே அந்த மகாராணித் தலைவலி!" என்று மாமியார் ஊருக்கே கேட்கப் பேசுவாள். வந்த வலியை நிறுத்தாது, வருவதைக் குறைக்கும் என்று சொல்லித்தான் டாக்டர் மெக்னீசியமும் மஞ்சள் நிற வைட்டமினும் எழுதிக் கொடுத்தார். விடாமல் மூன்று மாதம் தின்றாள்; எட்டு நாள் இரண்டானது. கூடவே டாக்டர் எச்சரித்திருந்தார்: கிட்னி பழுதானவர்கள் மெக்னீசியத்தைத் தொடவே கூடாது.

மாமனாருக்குக் கிட்னி பாதிதான் வேலை செய்கிறது.

"ஐயோ... ஓடி வாங்களேன்! இவரு கண்ணத் தொறக்க மாட்டேங்கறாரே!"

மாமியாரின் அலறல் கேட்டு ஓடினாள். கட்டிலில் மாமனாரின் கை துணிபோல் துவண்டு கிடந்தது. பஸ் ஓட்டும் கணவன் பாதி மாட்டிய சட்டையோடு ஓடிவந்தான்; அவள் கையிலிருந்த டப்பாவைப் பார்த்துவிட்டான்.

"என்னது அது? அப்பாவுக்கு இதக் குடுத்தியா?"

மாமியாரின் முகம் வெளிறியது. டப்பாவிலிருந்து கண்ணை எடுத்துத் தலையைக் குனிந்துகொண்டாள். மருமகளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. இப்போது அம்மாவும் பிள்ளையும் மல்லுக்கு நின்றால் கட்டிலில் கிடப்பவர் கதி என்ன?

"ஆமாங்க... நான்தான் குடுத்தேன். மொதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!"

"பாவி! அவருக்கு ஏதாவது ஆச்சு... நீ இந்த வீட்டுப் படி ஏறாத!"

ஆஸ்பத்திரியில் டப்பாவை வாங்கிப் பார்த்த டாக்டர் அவளிடம் திரும்பினார். "ஒரு வேளைக்கு எத்தனை குடுத்தீங்க? எத்தனை நாளா? சீக்கிரம் சொல்லுங்க."

அவளுக்கு எப்படித் தெரியும்! பொய் சொல்லத் துணிந்தவளுக்குக் கணக்குச் சொல்ல வாய் வரவில்லை.

"நாலு... காலைல நாலு, ராத்திரி நாலு. ஆறு நாளா," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர். நான்தான் எடுத்தேன். இதத் தின்னு அவ தெம்பா நடமாடறதப் பாத்தேன்... சத்து மாத்திரைதானே, நாலா சேத்துக் குடுத்தா இந்த மனுஷனும் எழுந்து நடப்பாருன்னு நெனச்சேனே... ஐயோ, என் கையாலயே...!"

கணவன் தலை கவிழ்ந்தது. ஊசி போட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், கதவைச் சாத்தினார்கள். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானத்துக்குமேல் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "கண்ணு முழிச்சிட்டாரு. தண்ணி கேக்கறாரு."

மாமியார் ஓவென்று அழுதாள். "ஏண்டி என் பழிய நீ சொமந்த?"

"சண்டையில நேரம் போயிடும்னு பயந்துட்டேன் அத்தை..." என்றவள், ட்யூப்லைட் வெளிச்சம் தாங்காமல் கண்ணை இறுக்கிக்கொண்டாள்.

மாமியார் அதைக் கவனித்துவிட்டாள். எழுந்து வந்து, தன் இரண்டு உள்ளங்கைகளாலும் மருமகளின் கண்களை மூடினாள்.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் அவளைக் கேட்காத கேள்வி. மாமியாரின் வயிற்றில் முகம் புதைத்து, வாய்விட்டு அழுதாள்.