ஜன்னல் இல்லாத அறை

காலை ஏழு மணிக்கே சுகுணா வீட்டு வரைபடத்தை இட்லித் தட்டின் மேல் விரித்துவிட்டாள்.

"என் ரூமுக்கு ஒரு ஜன்னல்கூட இல்லீங்களே அண்ணி! புருஷனைப் பறிகொடுத்தவளை இருட்டுல போட்டுப் பூட்டத்தான் புது வூடு கட்டுறீங்களா...?"

அமுதவல்லிக்குக் கரண்டியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. தருமபுரி டவுனில் பதினெட்டடி அகல மனை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். ஜன்னலை எங்கே வைப்பது? அதற்காகத்தான் நடுவீட்டில் வானம் தெரிகிற முற்றம் கேட்டிருந்தாள். இந்த வாடகை வீட்டில் வெளிச்சம் வேண்டுமென்று நாத்தனார் வாசலில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, போகிறவன் வருகிறவன் பார்வைக்கெல்லாம் கூனிக் குறுகுவதை மூன்று வருஷமாகப் பார்க்கிறாளே! சொல்ல வாயெடுத்தால் சுகுணா அழ ஆரம்பித்துவிடுகிறாள். கட்டிய கணவன் பிரபாகரோ, எல்லாம் தெரிந்தும் வாயில் கொழுக்கட்டை.

"கிளம்பு. மனையில வந்து அழுவு!" என்றாள் அமுதவல்லி.

மனையில் இன்ஜினியர் கலைவாணன் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். சுகுணா மூக்கை உறிஞ்சியபடி கேட்டாள்.

"எது சார் என் இருட்டு ரூமு?"

"இருட்டா? முழு அகலமும் உங்க ரூமுதாங்க. மெஷினு, துணி வெட்டுற மேஜை எல்லாம் போடணுமாம். முத்தத்துப் பக்கம் பூரா கண்ணாடிக் கதவு. தெருவுல இருந்து ஒருத்தர் கண்ணு படாது."

"அப்ப... அண்ணி ரூமு?"

"முத்தம் விட்டதுல அது போச்சுங்க. ஹால்லயே படுத்துக்கறோம்னுட்டாங்க."

சுகுணா கூட வந்திருந்த அண்ணனைப் பார்த்தாள். பிரபாகர் தலை குனிந்துகொண்டான்.

"ஏன் அண்ணி சொல்லல...?"

"எங்கடி சொல்ல விட்டே!"

சுகுணா கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் அறைக் கோட்டுக்குள் போய் நின்றாள்.

"இங்க நடுவுல ஒரு சுவரு வைங்க சார். அந்தப் பாதி அண்ணிக்கு."

"ஐயோ! பாதி ரூமுல மெஷினை எங்கடி போடுவே?"

"முத்தத்துல."

"மழை வந்தா?"

"நீங்க ஓடியாந்து ஒரு பக்கம் தூக்க மாட்டீங்களா, அண்ணி?"

அமுதவல்லி நாத்தனாரை இழுத்து அணைத்துக்கொண்டு, தெருவே பார்க்க ஓவென்று அழுதாள்.