மொட்டை போன வழி

அந்தத் தெருவில் திருப்புளி என்று கூப்பிட்டால் ஒரு பெண் திரும்பிப் பார்ப்பாள். எலெக்ட்ரீஷியனின் மகள். கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றிப் பார்ப்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

அவள் கடைசியாகக் கழற்றியது தன்னுடைய பழைய ரிமோட் காரை. மேல்கூட்டை எடுத்துவிட்டு, சக்கரமும் மோட்டாரும் இருந்த அடிச்சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டாள். அதன்மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு கணினிப் பலகையும், முன்னால் இரண்டு கண் போல ஒரு சென்சாரும் பொருத்தினாள். இப்போது அதற்கு ரிமோட் வேண்டாம். எதிரே ஏதாவது தடுத்தால் தானே பின்வாங்கி, ஒதுங்கி, மறுபடி முன்னே போகும். மேல்கூடு இல்லாததால் அதன் பெயர் மொட்டை.

விடுமுறை நாளில் அப்பா முதியோர் இல்லத்துக்கு வேலைக்குக் கிளம்பினார். மொட்டையைத் தூக்கிக்கொண்டு அவளும் போனாள். அங்கே அறைகளை ஒட்டி நீளமான நடை உண்டு, ஓட்டிப் பார்க்கலாம்.

வாசலிலேயே நர்ஸ் காத்திருந்தார். "கடைசி ரூம் பெரியவர் எங்களைக் கூப்பிடுற மணி அடிக்கலைங்க. ராத்திரி கட்டில்ல இருந்து விழுந்துட்டார். கத்தியிருக்கார், யாருக்கும் கேக்கலை. விடிஞ்சுதான் பாத்தோம்."

அப்பா நடையின் ஒரு முனையில் தரைப்பலகையைத் தூக்கினார். அடியில் கும்மிருட்டு. இரண்டு பக்கமும் சுவர் வைத்த குறுகிய சந்து கடைசி அறைவரை போனது. எலி கடித்த மணி வயர் தொங்கியது. புது வயரை இழுக்க ஒருவர் குப்புறப் படுத்து ஊர்ந்து போக வேண்டும்.

அப்பா படுத்து, டார்ச்சோடு தலையை உள்ளே விட்டார். வெளியே எடுத்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை.

"கொஞ்சம் தண்ணி குடும்மா."

குடித்துவிட்டு மறுபடி தலையை விட்டார். மறுபடி எடுத்தார்.

திருப்புளிக்குப் புரிந்தது. போன வருடம் இப்படி ஒரு இடத்தில்தான் மண் சரிந்து வழியை மூடியது. தோண்டி எடுக்கும்வரை அப்பா உள்ளேயே கிடந்தார். அதற்குப் பிறகு விளக்கை அணைத்துவிட்டு அவர் தூங்கியதில்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதுமில்லை.

"இதோ, போயிடுவேன்" என்றார் அப்பா, யாரையும் பார்க்காமல்.

போக வேண்டாம் என்றால் கட்டாயம் போவார். அவள் மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, மொட்டையை இருட்டுல ஓட்டிப் பாக்கணும். நீங்க போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை விடட்டுமா?"

அப்பா அவளைப் பார்த்தார். "சரி. வயர் முனையையும் அதுல கட்டு."

கட்டினாள். சக்கரம் சுற்றியது, புழுதி பறந்தது. மொட்டை நகரவில்லை.

"ஆகாதும்மா." அப்பா டார்ச்சை எடுத்தார்.

"இருங்கப்பா! கனம் தாங்கலை, அவ்வளவுதான்." ஒரு கணம் யோசித்தாள். "சிஸ்டர், தையல் நூல் இருக்கா?"

"நூலை வச்சு வயரை எப்படிம்மா இழுப்ப?"

"முதல்ல நூல் போகட்டும். நூல்ல கயிறைக் கட்டி இழுப்போம். கயிறுல வயரைக் கட்டுவோம்."

நர்ஸ் நூல்கண்டைக் கொடுத்துவிட்டு, கடைசி அறைக்கு ஓடி அங்கிருந்த தரைப்பலகையைத் திறந்தார்.

வயரை அவிழ்த்து நூலைக் கட்டியதும் மொட்டை கிர்ரென்று இருட்டுக்குள் போனது. நூல்கண்டு அவள் கையில் உருண்டது. சத்தம் தேய்ந்தது. திடீரென்று நூல்கண்டு நின்றது.

"மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார் அப்பா.

"கல்லு ஏதாவது இருக்கும். ஒதுங்கிப் போயிடும்ப்பா." சொல்லிவிட்டாளே தவிர, கையிலிருந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

நூல்கண்டு மெல்ல உருண்டது. பிறகு வேகமாக உருண்டது.

"வந்துடுச்சு! தலையெல்லாம் ஒட்டடையோட வந்துடுச்சு!" தூரத்திலிருந்து நர்ஸ் கத்தினார்.

நூலின் முனையில் கயிற்றை முடிந்துகொண்டே அப்பா கேட்டார்: "ஓட்டிப் பாக்கத்தான் விட்டியா?"

"ஆமாப்பா."

"ம்" என்றார். அவள் தலையை ஒருமுறை தடவிக் கொடுத்தார்.

சாயங்காலம் வேலை முடிந்தது. கடைசி அறையில் பெரியவர் பொத்தானை அழுத்தினார். மணி அடித்தது. நர்ஸ் ஓடினார். திரும்பி வந்து உட்காருவதற்குள் மறுபடி மணி. மூன்றாவது முறை எல்லோருமே ஓடினார்கள்.

"என்னங்க ஐயா வேணும்?"

பெரியவர் கூச்சத்தோடு போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒண்ணும் வேணாம்மா. கூப்பிட்டா ஆள் வருதான்னு பாத்தேன்."

"வந்துட்டோம் தாத்தா" என்று சொல்லி, திருப்புளி அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.