வெங்காயப் பாத்திக்கு வந்தது யார்?

வெங்காயத் தாள்கள் மஞ்சளாகி, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. ஓட்டப் பந்தயம் முடித்த பிள்ளைகள் போல.

பேருந்து ஓட்டும் அப்பா, வேலைக்குக் கிளம்பும் முன் பாத்தியைப் பார்த்தார்.

"இது தேறாது, கேள்வி. மாசக் கடைசியில கொத்தனார் வர்றாரு. இங்க சிமென்ட் போட்டு நம்ம வண்டிய நிறுத்திக்கலாம். மணல்கூட இறக்கியாச்சு."

எதற்கும் "ஏன்?" என்று கேட்பதால் மகளுக்கு அவர் வைத்த பெயர் கேள்வி.

"தேறிட்டா?" என்றாள் அவள்.

"தேறிட்டா சிமென்ட் கிடையாது."

அப்பா போய்விட்டார். கேள்வி பாத்தி ஓரமாக உட்கார்ந்தாள். அவள் கையால் நட்ட நாற்றுகள் அவை.

அவளுடைய தம்பி குண்டூசி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஒல்லியாக இருப்பான், ஆனால் வாய் நீளம்.

"அக்கா, பூச்சி கடிச்சிருக்கும்."

கேள்வி ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து, இலைகளைத் தட்டினாள். பூச்சி இருந்தால் தாளில் விழும். நாலைந்து செடிகளைத் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை. குண்டூசி குனிந்து பார்த்தபோதுதான் ஒன்று விழுந்தது.

"அது உன் தலைப் பேன்டா!"

மதில் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டுத் தையல் அத்தையின் தலை தெரிந்தது. "பாவம்டி, வாடிப் போயிருக்கு. தண்ணி பத்தல போல."

யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். கேள்வி மண்ணுக்குள் விரலை விட்டாள். சேறு! ஒரு செடியைப் பிடுங்கினாள். வேர் கொழகொழவென்று இருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"இது தாகம் இல்ல. தண்ணி அதிகமாகி அழுகியிருக்கு."

"நீதானே ஊத்துற?" என்றான் குண்டூசி.

"சாயங்காலம் ஒரு செம்பு. அவ்வளவுதான்."

அன்று அவள் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. மறுநாளும் ஊற்றவில்லை. ஆனாலும் மண் சொதசொதவென்றே இருந்தது.

கேள்வி யோசித்தாள். சிமென்ட் வேலைக்கு இறக்கிய மணலில் கொஞ்சம் அள்ளிவந்து, தம்பிக்குத் தெரியாமல் பாத்தியைச் சுற்றி மெல்லியதாகத் தூவிவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் பள்ளிவிட்டு வந்ததும் நேராக ஓடினாள். சுவர் ஓரம், உயரத்திலிருந்து தண்ணீர் விழுந்த பள்ளம். அதில் சிவப்பு நூல் ஒன்று ஒட்டியிருந்தது. தையல் அத்தை!

இந்தப் பக்கம் குட்டிப் பாதங்கள்.

"டேய், நீயுமா?"

"மத்தியானம் தாகம் எடுக்குமேன்னு..." குண்டூசி வானத்தைப் பார்த்தான். "தினமும் ஒரே ஒரு வாளிதான்க்கா."

மூன்றாவது தடம் பெரியது. குதிகால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த செருப்பு.

கேள்வி வாசலுக்குப் போனாள். அப்பாவின் பழைய செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் மணல்.

'தேறாது' என்று சொன்ன அப்பா!

"மாட்டினார் அப்பா! கேட்டுடலாமா?" குண்டூசி குதித்தான்.

"வேணாம். யாரு கெட்டது நெனச்சு ஊத்தினாங்க?"

மஞ்சளாகிறதே என்று ஒவ்வொருவரும் ஊற்றியிருக்கிறார்கள். ஊற்ற ஊற்ற இன்னும் மஞ்சளாகியிருக்கிறது.

ராத்திரி சாப்பாட்டின்போது அத்தையையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கேள்வி சொன்னாள். "வெங்காயத்துக்கு அளவாத்தான் தண்ணி வேணும். யாரு வேணா ஊத்தலாம். ஆனா முதல்ல விரலை விட்டுப் பார்க்கணும். காஞ்சிருந்தா ஒரு செம்பு. ஊத்தினவங்க செம்பைக் கவுத்து வச்சிடணும். கவுந்திருந்தா அன்னைக்கு வேற யாரும் தொடக் கூடாது. இதுவரைக்கும் யாரு ஊத்தினாங்கன்னு நான் கேக்கவே இல்ல."

அத்தைக்குத் திடீரென்று புடவையில் ஏதோ நூல் பிரிந்திருந்தது. அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுகிய செடிகளைக் கேள்வி பிடுங்கி எறிந்தாள். தண்ணீர் வடிய ஓரமாக வாய்க்கால் வெட்டினாள். மண் மெல்ல மெல்ல உலர்ந்தது. ஒருநாள் காலை, செடிகளின் நடுவிலிருந்து பச்சைக் குருத்துகள் எட்டிப் பார்த்தன. பிறகு வெங்காயங்கள் மண்ணை விலக்கித் தோளைக் காட்டின.

மாசக் கடைசியில் கொத்தனார் கரண்டியோடு வந்தார். "எந்த இடம்ணே?"

அப்பா பாத்திக்கு முன்னால் போய், குறுக்கே நிறுத்திய பேருந்து மாதிரி நின்றார். "இங்க இல்ல."

"பின்ன எங்க?"

"எங்கயும் இல்ல. மன்னிச்சுக்குங்க. உக்காந்து டீ குடிங்க, சொல்றேன்."

வெள்ளைத் தாளில் தட்டியது, விரலை விட்டது, மணல் தூவியது, எல்லாவற்றையும் அப்பா கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். கதவுக்குப் பின்னால் கேள்வி மூச்சுவிடாமல் கேட்டாள்.

"என் பொண்ணு யாரையும் ஒரு வார்த்தை சொல்லலங்க. அந்தச் செருப்பு யாருதுன்னு நெனக்கிறீங்க? என்னுதுதான்!"

கேள்வி திரும்பித் தம்பியை முறைத்தாள். குண்டூசி நழுவிவிட்டான்.

கொத்தனார் டீ டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போய்ப் பாத்தியில் விரலை விட்டார். எடுத்து, கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தார்.

"இன்னைக்குத் தண்ணி வேணாம்ணே," என்றார்.