பேனரில் சிரித்த ஜெயம்மாள்

திருத்தணி தாலுகா ஆபீஸுக்கு எதிரே இருக்கும் தமயந்தியின் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் விண்ணப்பத்தோடு வருவார்கள், மீதிப் பேர் வில்லங்கத்தோடு வருவார்கள். இரண்டாவது வகையை வாசலிலேயே அடையாளம் கண்டுவிடுவதில் முரளிதரனுக்குப் பெருமை அதிகம். பொதட்டூர்பேட்டை ரூட்டில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் வாங்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்த கண் தன்னுடையது என்று, யாரும் கேட்காமலே சொல்லுவார். இப்போது காலையில் பேப்பரைத் தூக்கிக்கொண்டு இந்தக் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தால், மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்.

தமயந்தி தன்னைப் பற்றி எதுவும் சொல்லிக்கொள்ள மாட்டாள். பன்னிரண்டு வருஷமாக விண்ணப்பங்களுக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வெட்டி ஒட்டியவள். தொலைந்த பத்திரங்கள், மாறிப்போன கையெழுத்துகள் என்று நாலைந்து சிக்கல்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே அவிழ்த்திருக்கிறாள். அந்தப் பேச்சு சுற்றுப்பட்டு ஊர்களில் பரவியிருந்தது.

ஜனவரி இருபத்து மூன்றாம் தேதி, கடை திறந்த சூட்டோடு ஒரு பெண் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். வலது மூக்கில் சிவப்புக்கல் மூக்குத்தி, வயல் வேலையில் காய்ந்த கைகள், தலையை மூடிய முந்தானை.

"நான் ஜெயம்மாளுங்க. கனகம்மாசத்திரத்துக்குப் பக்கம். பைபாஸ்ல பெரிய பேனர்ல சிரிச்சிகினு நிக்கிறேனே, அவதான்."

முரளிதரன் பேப்பரைக் கீழே வைத்தார். "அட, வீடு கெடச்ச அம்மாவா?"

"எந்த வீடு சார்? இன்னிக்கும் ஓலைக் குடிசைலதான் படுத்துகினு இருக்கேன்." என்றாள் ஜெயம்மாள். "இந்த வருசம் வீட்டுத் திட்ட லிஸ்டுல என் பேரு வந்திருக்குது. இருபத்தாறாம் தேதி கிராம சபைல படிப்பாங்க. அதுக்குள்ள ஊர்ல ஆட்சேபம் எழுதிக் குடுத்துட்டாங்க. இவளுக்குத்தான் ஏற்கெனவே வீடு வந்துட்டுதே, அவளே பேனர்ல சொல்றாளேன்னு. பேரை அடிச்சிட்டா அடுத்த லிஸ்டு எப்பன்னு யாருக்குத் தெரியும்?"

"உக்காருங்க அக்கா. போட்டோ யாரு எடுத்தாங்க?" என்றாள் தமயந்தி.

"தெரியலம்மா. நான் யாருக்கும் நின்னு குடுக்கல. என் மருமவன் ஆகாஷ் மேலதான் சந்தேகம். பேனர் வச்ச கட்சிக்கு வெளம்பரம் பண்ற ஆபீஸ்லதான் வேலை செய்யறான். பேனர்ல நான் கட்டியிருக்கிற புடவையும் அவன் எடுத்துக் குடுத்ததுதான். பச்சை, கடுகு கலர் கரை. அம்மையார்குப்பத்துல போன ஆடியில தறிக்காரங்ககிட்ட நேரா சொல்லி நெய்ய வச்சது."

"எப்பக் கட்டினீங்க?"

"ஒரே ஒரு வாட்டி. ஆடிக் கிருத்திகைக்கு மொட்டை போடறதா வேண்டுதல் இருந்திச்சு. மொட்டை போட்டு, சரவணப் பொய்கைல முழுகி, அப்புறம்தான் புதுசைக் கட்டினு மலை ஏறினேன். வூட்டுக்கு வந்து அவுத்துப் பொட்டில வச்சதுதான்."

"கூட யாரு வந்தாங்க?"

"தனியாத்தான். மருமவன் பஸ் ஏத்தி வுட்டுட்டு வேலைக்குப் போயிட்டான்." சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்ததில் முந்தானை நழுவியது. நாலு விரல் நீளத்துக்கு வளர்ந்த முடி தெரிந்தது. "நாலு நாளா மவ வூட்டுப் பக்கம் போகல. அனிதா குடுத்தனுப்பின சோத்தைக்கூடத் திருப்பி அனுப்பிட்டேன்."

அவள் போனதும் முரளிதரன் தன் மொபெட்டில் பைபாஸுக்குப் பறந்தார். தேர்தல் தேதி இன்னும் அறிவிக்கப்படவில்லை. பேனர்கள் காத்திருக்கவில்லை. இடது பக்கம் தலைவர், வலது பக்கம் ஜெயம்மாள், நடுவில் 'எனக்கு வீடு கிடைச்சுது, உங்களுக்கும் கிடைக்கும்' என்று ஓர் ஆள் உயர எழுத்து. அவர் படத்தைச் செல்போனில் எடுத்து வந்தார். தமயந்தி அதை மெல்லிய தாளில் பிரிண்ட் போட்டு மேஜையில் விரித்தாள்.

ஜெயம்மாள் தலைவரைப் பார்த்துக் கைகூப்பிச் சிரித்தாள். பெரிய கொண்டை, அதில் முழம் மல்லிகை. இடது மூக்கில் சிவப்புக்கல். பச்சைப் புடவையின் முந்தானை வலது தோளில் கிடந்தது. காதுக்குப் பின்னால் கழுத்து ஓரமாக வெளிர் மஞ்சளாக ஒரு தீற்றல். பின்னணியில் மங்கலாக மலைப் படிகளின் ஆரம்பம், படிக்கு வலது கைப்பக்கம் நீலத் துணி போட்ட ஒரு பந்தல்.

"மஞ்சள் பூசிக் குளிச்சிருக்காங்க," என்றார் முரளிதரன் தீற்றலைத் தொட்டு. "கொண்டை இருக்குது, அப்ப மொட்டைக்கு முன்னாடி எடுத்த படம். புடவை வாங்கின கையோட மருமவன் கட்டிப் பாருங்கன்னு சொல்லி எடுத்திருக்கான். முடிஞ்சுது கேஸு."

"வீட்டுல கட்டிப் பார்த்தா பின்னாடி மலைப்படி எப்படி வந்துச்சு கண்டக்டர் சார்?"

முரளிதரன் அசரவில்லை. "அப்ப விஜயன். படிக்கு வலது பக்கம் நீலத் தார்ப்பாய் போட்டு போட்டோ எடுக்கறவன் அவன் ஒருத்தன்தான்." ஒரு மணி நேரத்தில் இரண்டு குற்றவாளிகளைப் பிடித்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

விஜயன் தன் கடையில் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான். படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினான். "என் கிட்ட வர்றவங்க குடும்பத்தோட வந்து எடுத்துக்கறவங்க சார். காசு குடுத்துப் படத்தை வாங்கினு போயிடுவாங்க. கிருத்திகை அன்னிக்கு நான் எடுத்தது பூரா மொட்டைத் தலைதான். இந்தக் கொண்டையை நான் பார்த்ததே இல்ல."

"அன்னிக்கு உங்களுக்கு எதிர்ல, இடது பக்கம் என்ன இருந்துச்சு?" என்று தமயந்தி கேட்டாள்.

"கட்சிக்காரங்க மோர்ப் பந்தல் போட்டிருந்தாங்க மேடம். அதுவும் நீலத் துணிதான்."

எதிர்ப்பக்கத்தைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று முரளிதரனுக்குப் புரியவில்லை. கடைக்குத் திரும்பியதும் தமயந்தி விளம்பர நிறுவனத்தின் உள்ளூர் ஆபீஸுக்குப் போன் போட்டாள். பொறுப்பாளர் சூர்யபிரகாஷ் மரியாதையாகவே பேசினான். "அது ரெண்டு வருஷம் முன்னாடி இன்டர்நெட்ல போட்டோ விக்கறவங்ககிட்ட வாங்கினது மேடம். அந்தம்மா யாருன்னே எங்களுக்குத் தெரியாது. ஆகாஷ் பாவம், அவனுக்கு இதுல சம்பந்தமே இல்ல."

"ஆகாஷுக்கு சம்பந்தம் இல்லன்னு நானும் நெனைக்கிறேன் தம்பி. நாளைக்கு நேர்ல வரோம்," என்றாள் தமயந்தி.

ஆபீஸ் அரக்கோணம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. பத்து கம்ப்யூட்டர்கள், சுவர் நிறைய பூத் வாரியான கணக்குகள், மூலையில் சுருட்டி வைத்த பேனர்கள். முரளிதரனும் விஜயனும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். தமயந்தி கேட்டுக்கொண்டபடி ஜெயம்மாள் அந்தப் பச்சைப் புடவையை இரண்டாம் தடவையாகக் கட்டி வந்திருந்தாள். கதவருகே நின்ற ஆகாஷ், "அத்தே, சத்தியமா நான் இல்ல," என்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முந்தின போட்டோல, போன ஆடியில தறியை விட்டு இறங்கின புடவை எப்படி வந்துச்சு?" என்று தமயந்தி நிதானமாக ஆரம்பித்தாள்.

"ஒரே மாதிரிப் புடவை ஆயிரம் இருக்கும் மேடம்," என்றான் சூர்யபிரகாஷ்.

"இருக்கலாம். அக்காவைப் பாருங்க. முந்தானை எந்தத் தோள்ல இருக்கு?"

"இடது தோள்ல."

"மூக்குத்தி?"

"வலது பக்கம்."

தமயந்தி பிரிண்ட் தாளை எடுத்து, பின்பக்கம் தங்களைப் பார்க்கும்படித் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் வைத்தாள். வெயிலில் படம் தாளின் வழியே தெரிந்தது. முந்தானை இடது தோளுக்குப் போயிற்று. மூக்குத்தி வலது மூக்குக்குப் போயிற்று. நீலப் பந்தல் படிக்கு இடது கைப்பக்கம் வந்து நின்றது.

"விண்ணப்பத்துக்குக் குடுக்கிற செல்பியில தினம் பார்க்கிறேன், இடம் வலம் மாறி வரும். இங்க வேணும்னே மாத்தியிருக்கீங்க. தலைவர் இருக்கிற பக்கம் அக்கா முகம் திரும்பணுமில்ல? அந்த வேலையில பந்தலும் தெருவைத் தாண்டி விஜயன் கடைக்கு வந்துட்டுது. நிஜத்துல அது இடது பக்கம், உங்க கட்சியோட மோர்ப் பந்தல்."

விஜயன் முரளிதரனைப் பார்த்தான். முரளிதரன் விட்டத்தைப் பார்த்தார். ஆனால் அவருக்கு ஒன்று உறுத்தியது. "அதெப்படிம்மா? புதுப் புடவை கட்டினதே மொட்டை போட்ட பிறகுதான். அப்ப கொண்டை ஏது?"

"அதேதான் சார். அந்தப் புடவையும் அந்தக் கொண்டையும் அக்கா உடம்புல ஒண்ணா இருந்ததே இல்ல. புடவை கட்டினது ஒரே நாள், அந்த நாள்ல தலையில முடி இல்ல. புடவை பொய் சொல்லாது, அதை நெய்தவங்க இருக்காங்க. அப்ப கொண்டைதான் பொய். நீங்க மஞ்சள்னு சொன்னீங்களே, மஞ்சள் பூசினா முகத்துல இருக்கணும். முகத்துல இல்ல. காதுக்குப் பின்னால மட்டும் இருக்கு. அது மொட்டைத் தலையில பூசின சந்தனம், கழுத்துல வழிஞ்சது. கம்ப்யூட்டர்ல முடி வச்சவரு வெளியூர்க்காரரு, அவருக்கு அது என்னன்னு தெரியல, வுட்டுட்டாரு. இந்த ஊர்க்காரன் செஞ்சிருந்தா முதல்ல அதைத்தான் அழிச்சிருப்பான். ஆகாஷ் இந்த ஊர்ப் பையன்."

கதவருகே நின்ற ஆகாஷ் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

தமயந்தி ஜெயம்மாள் பக்கம் திரும்பினாள். "அக்கா, அன்னிக்கு யாரையாவது கையெடுத்துக் கும்பிட்டீங்களா? சாமியை இல்ல, மனுசங்களை."

ஜெயம்மாள் யோசித்தாள். பிறகு மெதுவாக, "காலைலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கலம்மா. படி ஏறப்போற நேரத்துல ஒரு பொண்ணு கூப்பிட்டு மோர் குடுத்திச்சு. குடிச்சிட்டு, நல்லாயிருடின்னு கும்பிட்டேன்," என்றாள்.

சூர்யபிரகாஷ் நாற்காலியில் பின்னால் சாய்ந்தான். "பந்தல்ல மோர் வாங்கின எல்லாரையும் போட்டோ எடுத்தோம் மேடம். ஆயிரத்துக்கு மேல இருக்கும். சென்னையில எங்க தலைமை ஆபீஸ்ல ஒரு நல்ல சிரிப்பு வேணும்னு கேட்டாங்க. இவங்க சிரிப்புதான் மனசுல நின்னுச்சு. மொட்டைத் தலை வேணாம், கையில டம்ளரும் வேணாம், குடும்பப் பாங்கா இருக்கட்டும்னாங்க. ரெண்டு நிமிஷ வேலை."

"பேரு கேட்டீங்களா?"

"இல்ல மேடம். யாரும் கேக்கல."

முரளிதரனுக்குத் திடீரென்று வெட்கமாக இருந்தது. இரண்டு நாளாகக் குற்றவாளியைத் தேடி மொபெட்டில் அலைந்தவர், கேட்க வேண்டிய ஒரு கேள்வியைத் தானும் கேட்கவில்லை. "எதுக்கும்மா மொட்டை போட்டீங்க? இன்னா வேண்டுதல்?"

ஜெயம்மாள் பேனர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீடு வரணும்னுதான் சார். முருகனுக்கு முடியைக் குடுத்து வீடு கேட்டேன். இவங்க முடியைத் திருப்பிக் குடுத்துட்டு வீட்டை வாங்கினு போயிட்டாங்க."

சூர்யபிரகாஷ் தலை நிமிரவில்லை. பார்க்க முரளிதரனுக்கே பாவமாக இருந்தது. தமயந்தி தன் பையிலிருந்து எழுதிக் கொண்டுவந்திருந்த தாளை மேஜையில் வைத்தாள். படத்தில் இருப்பவரிடம் அனுமதி பெறவில்லை, அவருக்கு வீடு எதுவும் வழங்கப்படவில்லை, வாசகம் விளம்பரத்துக்காக எழுதப்பட்டது என்று மூன்றே வரி.

"இதை உங்க லெட்டர் பேடுல அடிச்சு, கையெழுத்துப் போட்டு, சீல் வச்சுக் குடுங்க. பேனரை இன்னிக்கே இறக்கிடுங்க. அந்த அசல் போட்டோவையும் குடுத்துடுங்க."

"சென்னையில கேக்கணுமே மேடம்."

"கேளுங்க. வேண்டுதல் மொட்டைக்கு முடி ஒட்டின கதை ஊர்ல இன்னும் யாருக்கும் தெரியாதுன்னும் சேர்த்துச் சொல்லுங்க. நாளைக்கும் அப்படியே இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது."

அவன் சென்னைக்குப் போன் செய்யவில்லை. பிரிண்டர் ஓடியது.

இருபத்தாறாம் தேதி கிராம சபை பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் கூடியது. தமயந்தி கடைக்கு லீவு விட்டிருந்தாள். முரளிதரன் பேப்பர் இல்லாமல் வந்திருந்தார். வீட்டுத் திட்டப் பட்டியலைப் படித்த செயலாளர் ஏழாவது பெயரில் நிறுத்தினார். ஆட்சேபம் வந்திருப்பதைச் சொன்னார். அதற்கு வந்த பதில் கடிதத்தையும் சத்தமாகப் படித்தார். பிறகு கூட இணைத்திருந்த படத்தை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினார். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு, காலி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கும்பிட்டபடி ஜெயம்மாள் அதில் சிரித்துக்கொண்டிருந்தாள். பேனரில் இருந்ததைவிட இதில் நன்றாக இருந்தாள்.

"ஆட்சேபம் எழுதினவங்க இருக்கீங்களா? ஏதாவது சொல்றீங்களா?"

முன் வரிசையில் ஒருவர் தன் செருப்பின் வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தார். சரிசெய்து முடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. செயலாளர் ஜெயம்மாள் பெயருக்கு எதிரே டிக் போட்டுவிட்டு எட்டாவது பெயரைப் படித்தார்.

ஜெயம்மாள் தலையை மூடியிருந்த முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள். நாலு விரல் முடியோடு கூட்டத்துக்கு நடுவே நடந்து வெளியே வந்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் ஆகாஷ் பைக்கை வைத்துக்கொண்டு, கிட்ட வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றிருந்தான்.

அவள் அவனைப் பார்க்காமலே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"வூட்டுக்கு வுடு. அனிதா இன்னா கொழம்பு வச்சிருக்கா?"