தில்லைப் பால்

படகு ஆடியதும் ஆய்வு மாணவி பரிமளா இரு கைகளாலும் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் போக வேண்டும் என்று பேராசிரியர் சொன்ன நாளிலிருந்தே பயந்துகொண்டிருந்தாள். ஆனால் போகாமல் தீராது. இங்கிருந்து வந்த தில்லை மர இலைச் சாறு, ஆய்வுக்கூடத்தில் எச்.ஐ.வி. கிருமி பெருகுவதைத் தடுத்திருந்தது. ஒருமுறை நடந்தது தற்செயலாகவும் இருக்கலாம். அதே மரங்களின் இலையை வைத்து மறுபடி சோதிக்க வேண்டும். கையில் இருந்ததோ தீர்ந்துவிட்டது.

தில்லை மரத்தை வெட்டினால் வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும் என்று படகுக்காரர் வைரக்கண்ணு துறையிலேயே எச்சரித்திருந்தார். இருவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துதான் வேலையைத் தொடங்கினார்கள். இலைப் பை நிறையும் நேரத்தில், வேர்வையில் மங்கிய கண்ணாடியைத் துடைக்க அவர் கழற்றினார். அதே கணம் பரிமளா பாதி வெட்டிய கிளை பாலோடு விசிறித் திரும்பி அவர் முகத்தில் அடித்தது.

அவர் கண்களைப் பொத்திக்கொண்டு படகுக்குள் சாய்ந்தார். குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் அவள் அவர் கண்களில் ஊற்றினாள்.

“தெரியுதாண்ணே?”

“ஒண்ணும் தெரியல தங்கச்சி. நெருப்பை அள்ளி வச்ச மாதிரி எரியுது.”

பரிமளா கரையைத் தேடினாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி வாய்க்கால், ஒரே மாதிரி மரங்கள். தண்ணீர் வேறு வற்றத் தொடங்கியிருந்தது. படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டால் அடுத்த கடல் ஏற்றம் வரை அசையாது. அதுவரை அவர் கண் தாங்காது.

உதிர்ந்த இலைகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று அவர் முனகலுக்கிடையே கேட்டார். இலைகள் கடலுக்குப் போகின்றன, எதிர்த்துத் தள்ளினால் கரை வரும் என்றார். அவள் எழுந்து மூங்கில் கழியை ஊன்றினாள்.

ஒரு திருப்பத்தில் படகு தட்டி நின்றது. இறங்கித்தான் ஆக வேண்டும். காலை வைத்ததும் சேறு தொடைவரை இழுத்தது. கெண்டைக்காலை உரசிக்கொண்டு ஏதோ வழுக்கிப் போனது. அலறினாள், ஆனால் படகை விடவில்லை. அழுதுகொண்டே தள்ளினாள். அவள் அழுகையைக் கேட்ட வைரக்கண்ணு மறுபக்கம் தடவித் தடவி இறங்கித் தோள் கொடுத்தார். படகு நகர்ந்தது.

துறைக்கு வந்ததும் அங்கிருந்தவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள். உடனே கழுவியதால்தான் கண் தப்பியது என்றார் மருத்துவர். சில நாளில் வைரக்கண்ணு தன் மகள் முகத்தைத் தெளிவாகப் பார்த்தார்.

புதிய இலைச் சாறும் கிருமியைத் தடுத்தது. பரிமளா முதலில் அவரைத்தான் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“அப்ப மருந்து கெடச்சிருச்சா?”

“இல்லண்ணே. இது ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டுல நடந்தது. மனுசங்களுக்கு ஆகுமா, விசமாயிடுமான்னு பாக்கவே வருசக்கணக்காகும். இன்னும் நெறைய இலை வேணும்.”

“சரி. எப்ப வர்றீங்க?”

அந்தச் சேற்றை நினைத்ததும் அவள் கை தானாகக் கெண்டைக்காலைத் தடவியது. 

“அடுத்த வாரம் வர்றேண்ணே,” என்றாள்.