தன்னையே தொட்ட அர்ஜினின்

விரலில் இறால் வாடை அடித்தது. மவுஸைப் பிடித்திருந்த வலது கையை மூக்கருகே கொண்டுபோன கார்குழலி, யாராவது பார்க்கிறார்களா என்றுதான் முதலில் திரும்பிப் பார்த்தாள். கிண்டியில், ஏசி போட்ட ஆய்வகம் அது. தூசியும், சூடான மானிட்டரின் பிளாஸ்டிக் வாசமும், மூத்த மாணவர் மனோகரன் அண்ணாவின் டால்கம் பவுடரும் தவிர அங்கே வேறு எதுவும் மணக்க வழியில்லை. இந்த வாடை ராயபுரத்து இறால் கொட்டகையின் வாடை. ஐஸ் தண்ணீரில் விரல்கள் வெளுத்துச் சுருங்க, நாள் முழுக்க இறால் உரிக்கும் அவள் அம்மா தாயம்மாவின் கை வாடை. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஆனால் அம்மாவின் கையை அவள் தொட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால், அவள் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு அம்மா ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள். கொட்டகைப் புடவை. முழங்கை வரை நனைந்து காய்ந்த ரவிக்கை. மூக்கைச் சுளிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டுக்கொண்டு மனோகரன் கேட்டார்: "யாரு இவங்க?"

"எங்க ஏரியாவுல தெரிஞ்சவங்க" என்றாள் கார்குழலி.

வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று அன்று இரவு தன்னையே சமாதானப்படுத்திப் பார்த்தாள். அது பொய். யோசித்துத்தான் சொன்னாள். தாயம்மா மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமா சார், தெரிஞ்சவங்கதான்" என்று டப்பாவை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று தினமும் ரயிலில் நினைப்பாள். வாசலை மிதித்ததும் அவமானத்தில் புத்தகத்தை விரித்து முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவாள்.

இத்தனைக்கும் அவள் வேலையே தொடுதலைக் கணக்கெடுப்பதுதான். புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த நீளமான சரம். அது சுருண்டு மடங்கும்போது, சரத்தில் எங்கெங்கோ இருக்கும் இரண்டு அமிலங்கள் ஒன்றையொன்று வந்து தொடும். அந்தத் தொடுதல்கள்தான் மொத்தச் சரத்தையும் குலையாமல் பிடித்துவைத்திருக்கின்றன. எது எதைத் தொடுகிறது என்று அவள் எழுதிய புரோகிராம் வரி வரியாகச் சொல்லும். இன்று அதில் ஒரு வரி கோணலாக வந்திருந்தது. நூற்றுப்பன்னிரண்டாம் இடத்து அமிலமான அர்ஜினின், தன்னையே தொடுகிறதாம்.

மனோகரன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "எல்லாரும் ஒரு தடவை பண்ற தப்புதான் இது. புரதத்தப் படிகமாக்கிப் படம் எடுக்கும்போது சிலது ஒரே இடத்துல நிக்காது, ரெண்டு இடத்துல தெரியும். ஏ பாதி, பி பாதின்னு ஃபைல்ல ரெண்டையும் போட்டிருப்பாங்க. உன் புரோகிராம் ரெண்டு ஆளுன்னு எண்ணிருச்சு."

"எது நெஜம், அண்ணா?"

"ரெண்டும்தான். ஆனா கணக்குக்கு ஒண்ணு போதும். எது அதிகமோ அத வச்சுக்க, மத்தத நீக்கிடு. வழக்கம் அதான்."

அவள் அப்படியே ஒரு வரி எழுதிச் சேர்த்தாள். ஏ பாதி, பி பாதி; சமமாக இருந்ததால் முதலில் இருந்த ஏ தப்பித்தது. கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினாள். வாடை போகவில்லை.

அன்று மாலை விம்கோ நகரில் மழை பிடித்துக்கொண்டது. தண்டவாளத்தை ஒட்டிய வரிசை வீடுகளில் கடைசி வீடு அவர்களுடையது. ஓட்டு மேல் மழை இரைந்துகொண்டிருக்க, எண்ணூர்ப் பக்கத்துக் காற்று கொண்டுவந்த கந்தக நெடியும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் புகையும் ஒன்றாகக் கலந்து கிடந்த அந்த ஒற்றை அறையில், தாயம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் என்றுமில்லாத தெளிச்சி. தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, இறுக்கமாகப் பின்னியிருந்தது.

"யாரும்மா வாரிவுட்டா?"

"இன்னாடி கேள்வி இது? நீதான வாரிவுட்ட."

கார்குழலி தட்டை எடுத்தாள். தட்டு ஈரமாக இருந்தது.

"மறுபடியும் பசிக்குதா?" அம்மா சிரித்தாள். "இப்பத்தான துன்ன. மீன் பூரா நீயே துன்னுட்ட, கொழம்பு மட்டுந்தான் கீது."

குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தாள் கார்குழலி. காட்டட்டும், எனக்கு வேண்டும். பெற்றவளையே யாரோ என்று சொன்னவளுக்கு இவ்வளவாவது வேண்டாமா? ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்காமல் வெறும் குழம்பைப் பிசைந்து தின்றாள். விளக்கணைத்ததும் சுவரோரம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இருட்டில் தாயம்மா கொட்டகைக் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், மேஸ்திரியைப் பற்றி, உடைந்த ஐஸ் பெட்டியைப் பற்றி, தாழ்ந்த குரலில், வாஞ்சையாக. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் யாரோ "ம்" கொட்டினார்கள்.

கார்குழலி வாயை இறுக மூடியிருந்தாள்.

"ம்."

அது அவள் குரல்.

திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். பயத்தைவிட அந்த வெட்கம்தான் அவளைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தது.

மறுநாள் அதே ஃபைலை ஓட்டினாள். திரையில் ஒரு வரி வந்தது. 'நீக்கப்பட்டது: 112 ஏ.'

ஃபைலைத் திறந்து பார்த்தாள். நேற்று பாதி பாதியாக இருந்த எண்கள் மாறியிருந்தன. ஏ மூன்று பங்கு, பி ஏழு பங்கு. யாரும் கை வைக்காத ஃபைல் அது. இன்டர்நெட்டில் இருந்து மறுபடியும் இறக்கினாள். ஏ இரண்டு, பி எட்டு. மனோகரனைக் கூப்பிட்டாள். அவர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"நீங்க... ஆங், கார்குழலி. சட்டுனு பேரு வரல."

நேற்று வரை அவர் அவளை 'நீ' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பையையும் காலி டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். வாசலிலேயே, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே. அம்மா, நான் சொன்னது தப்பு. நான் உன் பொண்ணு. பீச் ஸ்டேஷனில் வண்டி மாறும்போது அதை முணுமுணுத்தாள். ராயபுரம் தாண்டியும் முணுமுணுத்தாள். வழியில் ஏறிய மீன்காரம்மா ஒருத்தி, அவள் உட்கார்ந்திருந்த இடத்தை நேராகப் பார்த்துக்கொண்டே வந்து, ஈரக்கூடையை அவள் மடியில் இறக்கப் போனாள். கார்குழலி துள்ளி எழுந்தாள். மீன்காரம்மா மன்னிப்புக் கேட்கவில்லை, முகம்கூட மாறவில்லை.

விம்கோ நகரில் கரன்ட் போயிருந்தது. மேகம் கவிந்து ஆறு மணிக்கே கும்மிருட்டு. தெருமுனை சைக்கிள் கடையில் டில்லிபாபு மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தார். அவளைக் குழந்தையிலிருந்து பார்த்தவர்.

"யார்மா? யாரப் பாக்கணும்?"

"அண்ணா, நான் குழலி."

"பேஜாரு பண்ணாதம்மா" என்றார் அவர். "குழலி இப்பத்தான் அவங்கம்மா கையப் புட்சிகினு உள்ள போச்சு."

ஓடினாள். சேறு. தண்ணீர். தண்டவாளம். கடைசி வீடு.

வாசலில் இரண்டு ஜோடி செருப்பு. ஒன்று அம்மாவுடையது. இன்னொன்று, இப்போது அவள் காலில் இருக்கும் அதே ஜோடி.

கதவைத் தட்டினாள்.

தாயம்மா மெழுகுவத்தியோடு வந்தாள். வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கோபமில்லை. வருத்தமுமில்லை. அட்ரஸ் விசாரிக்க வந்தவர்களைப் பார்க்கும் மரியாதையான பார்வை.

"அம்மா..."

"யாரும்மா அது?" உள்ளேயிருந்து கேட்டது கார்குழலியின் அதே குரல்.

தாயம்மா தோளுக்குப் பின்னால் திரும்பிச் சொன்னாள். "நம்ம ஏரியாவுல தெரிஞ்சவங்க."

பிறகு கார்குழலியின் கையைப் பார்த்தாள். "டப்பா குட்க்க வந்தியாம்மா? இப்டி வச்சிட்டுப் போ."

அத்தனை தூரம் முணுமுணுத்துக்கொண்டு வந்தது தொண்டை வரை வந்தது. அம்மா, நான் உன் பொண்ணு. வாயைத் திறந்தாள்.

"ஆமா" என்றாள். "தெரிஞ்சவங்கதான்."

இந்த முறை வாய் தானாகத்தான் சொன்னது.

டப்பாவை வாசற்படியில் வைத்தாள். நிமிர்ந்தபோது, இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை வந்து மெழுகுவத்தி பிடித்த அம்மாவின் கையைப் பற்றியது. ஆள்காட்டி விரலில், சின்ன வயதில் ஜன்னலில் நசுங்கிக் கார்குழலிக்கு வந்த அதே தழும்பு. ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய விரல்கள். அவை அம்மாவின் விரல்களுக்குள் ஒவ்வொன்றாகப் புகுந்து கோத்துக்கொண்டன. தாயம்மா அந்தக் கையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

கார்குழலி தன் விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள். எந்த வாடையும் இல்லை.