கோட்டாக்காரர் படகில் இருக்கிறார்

படகு கரை சேர்வதற்கு முன்பே அதன் நாற்றம் கரை சேர்ந்துவிட்டது.

ஸ்கோர்விக் துறைமுகத்துக்கு நாற்றம் புதிதல்ல. அலாஸ்காவில் பிறந்தவனுக்கு மீன் கவுச்சிதான் முதல் தாலாட்டு. ஆனால் இது வேறு ரகம்... மூக்கில் ஏறி நாக்கில் உட்கார்ந்துகொள்ளும் ரகம்.

சார்ஜென்ட் பாலெட் கிட்கா கைக்குட்டையை எடுத்தாள். அப்பன், பாட்டன் எல்லாரும் இதே கடலில் தூண்டில் போட்டவர்கள். அவளுக்கே குமட்டியது.

"ஒரு பொணம் இவ்வளவு நாறுமா மேடம்?"

கேட்டவர் குன்னார் ரிஸ்டாட். மீன்வள அதிகாரி. ஹாலிபட் மீனை அளப்பதற்கென்றே பிறந்தவர். இடுப்பில் துப்பாக்கி இருக்க வேண்டிய இடத்தில் அளவு நாடா இருந்தது.

"ரெண்டு நாள் கடலடியில கிடந்தவர்னு ரேடியோவுல தகவல் வந்துச்சே. சென்ட்டாட்டம் மணப்பாரா குன்னார்?"

படகு துறைமுக மேடையில் உரசி நின்றது.

தளத்தில் தார்ப்பாய். அதற்கடியில் ஒரு ஆள் நீளத்துக்கு மேடு. பக்கத்தில் மீன் குவியல். கொஞ்சம் தள்ளி, இரும்புத் தூணோடு கயிற்றால் கட்டப்பட்ட ஒரு வாலிபன்... நெஸ்டர் அபாலோஸ். படகின் ஒரே கூலியாள்.

கேப்டன் ஷெல் ஹேகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"என் மாமனாரைக் கொன்னுட்டான் மேடம். என் கண்ணால பார்த்தேன்."

"பொய்." தூணிலிருந்து குரல் வந்தது. "கிழவர் தளத்துக்கே வரல. கிளம்பின நாள்லேர்ந்து அறையை விட்டே வெளிய வரல."

"வாயை மூடுடா."

"ரெண்டு பேருமே மூடுங்க," என்றாள் பாலெட். "நான் கேக்கறப்ப திறந்தா போதும்."

தார்ப்பாயைத் தூக்கினாள்.

ஆர்விட் ட்வைட். இந்த ஊரின் பெரிய ஹாலிபட் கோட்டா அவருடையது. வருஷத்துக்கு இவ்வளவு எடைதான் பிடிக்கலாம் என்று அரசாங்கம் அளந்து கொடுக்கும் உரிமை. உயிரோடு இருந்தபோது அவரை யாருக்கும் பிடிக்காது. செத்தபின்னும் பார்க்கச் சகிக்கவில்லை. வெளுத்து, விறைத்து, பொக்கை வாய் திறந்து கிடந்தார். கோட்டுக் காலரில் ஒரு பெரிய தூண்டில் கொக்கி.

"கதையைச் சொல்லு கேப்டன்."

"கடைசித் தூண்டில் கயிறை இறக்கிட்டிருந்தோம். ஆயிரங்கால் தூண்டில், ஒரே கயிறுல ஆயிரம் கொக்கி... ஓட ஆரம்பிச்சா நிக்காது. பின்பக்கம் இவனும் மாமாவும் சண்டை போட்டாங்க. இவன் தள்ளினான். ஓடற கொக்கி மாமா கோட்டுல மாட்டிச்சு. அப்படியே கீழ போயிட்டார்."

"உடனே இழுக்க வேண்டியதுதானே?"

"புயல் மேடம். தீவுக்குப் பின்னால ஒதுங்கி ரெண்டு நாள் உயிரைக் கையில பிடிச்சிட்டு நின்னோம். அப்புறம்தான் கயிறை ஏத்தினேன். மாமா வந்தார்..."

குரல் உடைந்தது. நன்றாகவே உடைந்தது. நாடகத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

"சண்டை எதுக்கு?"

"இவன் திமிருக்குத்தான். கிளம்பற அன்னிக்கே இந்த மேடையில வச்சு மிரட்டினான். ஊரே கேட்டுச்சு."

ஊர் கேட்டது உண்மை. குன்னாரும் கேட்டிருந்தார். பாலெட் நெஸ்டரிடம் போனாள்.

"என்ன சொன்னே அவர்கிட்ட?"

"தூக்கிக் கடல்ல போட்டுடுவேன்னு சொன்னேன்."

"பிரமாதம். ஏன்?"

"குட்டி மீன் மேடம். முப்பத்திரண்டு அங்குலத்துக்குக் குறைஞ்சா மெல்ல கொக்கியைக் கழட்டி உயிரோட விடணும். அதானே விதி? கிழவர் அப்படி விட மாட்டார். நேரமாகுதுன்னு மெஷின்ல கொடுத்து வெடுக்குனு இழுப்பார். தாடையே பிஞ்சு கையில வரும். வாயில்லாத மீனைக் கடல்ல விட்டு, 'விட்டாச்சு, விதி முடிஞ்சுது'ம்பார். பார்க்கவே அருவருப்பா இருக்கும். அதுக்குத்தான் கத்தினேன். கொல்றதுக்கில்ல."

"இதுக்கு சாட்சி?"

"கேப்டன்தான்," என்றான் நெஸ்டர். சொல்லிவிட்டுக் கசப்பாகச் சிரித்தான்.

"மூணு மணிக்கு ஜூனோவுலேர்ந்து விமானம் வருது," என்றான் ஷெல். "இவனை அதுல ஏத்திடுங்க மேடம். இவன் மூஞ்சியைப் பார்க்கவே முடியல."

விமானத்தில் ஏறினால் கதை முடிந்தது. கொலைக் கேஸ், நேரில் பார்த்த சாட்சி, ஊரே கேட்ட மிரட்டல். நெஸ்டரின் இளமை முழுக்கச் சிறையில் போய்விடும். அது அவனுக்கும் தெரிந்திருந்தது.

பாலெட் மூக்கைச் சுளித்தபடி பிணத்தருகே குனிந்தாள். இன்னும் குனிந்தாள். கைக்குட்டையை எடுத்துவிட்டு முகர்ந்தாள்.

"குன்னார்... இங்க வாங்க."

"வேணாம் மேடம். காலையில முட்டை சாப்பிட்டேன்."

"வாங்கன்னு சொல்றேன். இவர் நாறல."

"என்னது?"

"நாத்தம் அங்கேர்ந்து வருது." மீன் குவியலைக் காட்டினாள்.

குன்னார் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு மீனின் வாலைப் பிடித்துத் தூக்கினார். ஆள் மார்பளவு நீளமுள்ள ஹாலிபட். கனமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஈரத் துணி மாதிரி தொங்கியது. உள்ளே சதை இல்லை. தோல், எலும்பு, அவ்வளவுதான். செவுள் வழியாக அரிசி அரிசியாகப் பூச்சிகள் கொட்டி அவர் பூட்ஸ் மேல் ஊர்ந்தன.

"த்தூ... கடல் தெள்ளு!" குன்னார் மீனைக் கீழே போட்டார். "கயிறை அதிக நேரம் அடியில விட்டா இப்படித்தான். செவுளுக்குள்ள பூந்து, உள்ளேயே தின்னு, வெறும் பையை மிச்சம் வைக்கும். சட்டப்படியான மீன் எல்லாம் வீண். சனியனே, எவ்வளவு வீண்!"

"கேப்டன்," பாலெட் நிதானமாகத் திரும்பினாள். "பூச்சி தின்ன மீனைக் கயிறுலேர்ந்து உதறிக் கடல்லயே விடுவாங்க. எந்தக் கிறுக்கனும் கரைக்குக் கொண்டுவர மாட்டான். நீ ஏன் கொண்டுவந்தே?"

"சாட்சிக்கு மேடம். கயிறு ரெண்டு நாள் அடியில கிடந்ததுக்கு அத்தாட்சி வேணுமில்ல? இல்லேன்னா என் பேச்சை நம்ப மாட்டீங்களே."

"நம்பறேன். கயிறு ரெண்டு நாள் கிடந்துச்சு. சந்தேகமே இல்ல."

ஷெல் மூச்சு விட்டான்.

"அந்தக் கயிறுல மாட்டின ஒவ்வொரு மீனையும் பூச்சி தின்னிருக்கு. பக்கத்துக் கொக்கி, அதுக்குப் பக்கத்துக் கொக்கி, எல்லாம் காலி. நடுவுல உன் மாமனார் மட்டும் காது, மூக்கு, உதடு, கண்ணு எல்லாத்தோடயும் வந்திருக்கார். பூச்சிக்கு உன் மாமனாரைப் பிடிக்கலையா?"

"அவரை யாருக்குத்தான் பிடிக்கும்," என்று முணுமுணுத்தார் குன்னார்.

ஷெல்லின் முகம் வெளுத்தது. "கோ... கோட்டு தடிமன் மேடம்..."

"மூக்குக்குமா கோட்டு போட்டிருந்தார்? இவர் கடலடியில கிடக்கவே இல்ல. கயிறு மேல வர்ற நேரத்துல நீ மாட்டி விட்டிருக்கே. நெஸ்டர்! கயிறு ஏறறப்ப எங்கடா இருந்தே?"

"சமையல் ரூம்ல. 'காபி போடு, கடைசிக் கயிறை நானே ஏத்திக்கறேன்'னாரு. அதிசயமா இருந்துச்சு. காபியோட வெளிய வந்தா கிழவர் தொங்கறார்."

"மத்த நாள்ல மீனுக்கு ஐஸ் போடறது யாரு?"

"எப்பவும் நான்தான். இந்தத் தடவை மட்டும் மீன் அறைக்குள்ள என்னை விடவே இல்ல. கிழவருக்குச் சாப்பாடு கொண்டுபோறதுகூட அவரே."

பாலெட்டின் பார்வை தளத்தின் நடுவிலிருந்த மூடிக்குப் போனது. அதற்கடியில் மீன் அறை. அதிலிருந்த நல்ல மீனை, மீன் வாங்கும் கம்பெனிக்காரர்கள் ஏற்கெனவே இறக்க ஆரம்பித்திருந்தார்கள்.

அப்போது மேடையில் காலடிச் சத்தம்.

கம்பெனியில் மீன் கழுவும் கோரா ஓடிவந்தாள். ரப்பர் உடுப்பு, தலையில் வலை. இரண்டு விரலால் எதையோ பிடித்திருந்தாள், செத்த எலியைப் பிடிப்பது போல.

"இந்தக் கருமம் யாருதுன்னு கேட்டுச் சொல்லுங்கம்மா. மீன் வயித்துல இருந்துச்சு."

பல் செட்!

ரோஸ் நிற ஈறு, வரிசையாகப் பற்கள், ஓரத்தில் ஒரு தங்கப் பல். ஊரில் தங்கப் பல் ஆர்விட் ஒருவருக்குத்தான்.

"பார்த்தீங்களா?" ஷெல் துள்ளினான். "மாமா கடல்ல விழுந்தார். பல் கழண்டுச்சு. மீன் முழுங்கிடுச்சு. ஹாலிபட் எதைக் கண்டாலும் முழுங்கும்!"

"கோரா, அந்த மீன் எப்படி இருந்துச்சு?"

"நல்ல மீன்மா. குடலெல்லாம் எடுத்து, வயித்துல ஐஸ் அடைச்சு வந்தது. ஐஸைத் தட்டறேன், பல்லும் சேர்ந்து விழுது. உவ்வே..."

பாலெட் ஷெல்லுக்கு மிக அருகில் போனாள்.

"குடலை எடுத்தது நீ. ஐஸ் அடைச்சது நீ. குடலே இல்லாத மீன் எங்க வச்சு முழுங்கிச்சு? நீ அள்ளின ஐஸ்ல அந்தப் பல் கிடந்திருக்கு. ஐஸ்ல பல் இருந்தா, பல்லுக்குச் சொந்தக்காரர் எங்க இருந்தார்?"

மீன் அறைப் பக்கம் கை காட்டினாள்.

"மீனோட படுத்திருந்தாரா?"

ஷெல் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான்.

"நான் கொல்லல. சத்தியமா கொல்லல. கிளம்பின அன்னிக்குக் காலையில நெஞ்சைப் பிடிச்சுட்டு விழுந்தார். மூச்சு நின்னுபோச்சு. மீன் பிடிக்கிற காலம் முடியப் போகுது... கோட்டா அவர் பேர்ல. கோட்டாக்காரர் படகுல இருந்தாதான் பிடிக்கலாம்னு விதி." மூக்கை உறிஞ்சினான். "படகுலதான் இருந்தார். உயிரோட இருக்கணும்னு விதியில எழுதலையே?"

குன்னாரின் வாயில் கெட்ட வார்த்தைதான் வந்தது.

"பன்னிப்பயலே. பொணத்து மேல மீனை அடுக்கிச் சந்தைக்கு அனுப்பறியா? கோட்டாக்காரர் செத்தா வாரிசு வேற கேப்டனை வச்சுப் பிடிக்கலாம். அதுவும் விதியிலதான் இருக்கு. திரும்பி வந்து சொல்லியிருந்தா உன் பொண்டாட்டி பேருக்கு நானே மாத்திக் கொடுத்திருப்பேன்."

ஷெல் நிமிர்ந்து பார்த்தான். "அப்படி ஒரு விதி இருக்கா?"

"இருக்கு. ஆபீஸ் சுவத்துலயே ஒட்டியிருக்கு."

"அது சரி," என்றாள் பாலெட். "பொணத்தை மறைச்சே. ஒரு அப்பாவியை எதுக்கு மாட்டி விட்டே?"

"விபத்துன்னுதான் சொல்ல நினைச்சேன். இவன், கிழவர் வெளியவே வரலன்னு கத்த ஆரம்பிச்சான். வேற வழியில்ல..."

நெஸ்டர் தரையில் காறித் துப்பினான். அவன் கட்டை பாலெட்டே அவிழ்த்தாள்.

இரண்டு ஆள்கள் ஆர்விட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். மூன்று மணி விமானம் வந்து தண்ணீரில் இறங்கியது. ஏற்றிவிட வேண்டிய ஆள் மட்டும் மாறியிருந்தான்: ஷெல். பொய் சொன்னதற்கும் பிணத்தை மறைத்ததற்கும் கொஞ்ச காலம் உள்ளே இருப்பான். பிறகு வெளியே வந்து மாமனாரின் கோட்டாவில் மீன் பிடிப்பான்.

செல்போன் அலறியது. ஸ்பீக்கரைப் போட்டாள். ஆஸ்பத்திரி டாக்டர் ஓல்ட்ஸ்.

"சார்ஜென்ட், கிழவர் மாரடைப்புல செத்தார்னு யார் சொன்னது?"

"மருமகன்."

"மயங்கி விழுந்திருக்கலாம். சாகல. விரல் முட்டியெல்லாம் ரத்தம் கட்டியிருக்கு. செத்தவனுக்கு ரத்தம் கட்டாது. நகத்துக்குள்ள மரச் சிலாம்பு, மீன் கொழகொழப்பு. முழிச்சிருக்கார். மேல இருந்த பலகையைத் தட்டியிருக்கார், பிறாண்டியிருக்கார். ஐஸ்லயே விறைச்சுச் செத்திருக்கார்."

பாலெட் ஸ்பீக்கரை அணைக்கக்கூட மறந்து நின்றாள். எல்லாரும் கேட்டார்கள்.

"எனக்குத் தெரியாது," என்றான் ஷெல். அவசரமாகச் சொன்னான். "செத்துட்டார்னுதான் நினைச்சேன். தெரியாம நடந்தது. அது கொலையில்ல."

"தெரியாதா?" நெஸ்டர் முன்னால் வந்தான். "கிளம்பின அன்னிக்குச் சாயங்காலம் கீழ தட்டற சத்தம் கேட்டுச்சு. கேப்டன், என்ன சத்தம்னு நான் கேட்டேன்ல? ஐஸ் இறங்குதுடான்னே."

"ஐ... ஐஸ்தான்னு நினைச்சேன்."

"அப்புறம் எதுக்கு ரேடியோவைச் சத்தமா வச்சே?"

ஷெல் ஓரடி பின்வாங்கினான்.

நெஸ்டர் படகின் விளிம்புக்கு ஓடி வாந்தியெடுத்தான். அந்த வாரம் முழுக்க அவன் தின்றது அந்த ஐஸில் கிடந்த மீன்.

பாலெட் விலங்கை எடுத்து ஷெல்லின் மணிக்கட்டில் இறுக்கினாள். தேவைக்கு மேலேயே இறுக்கினாள்.

"கொலை. இப்ப கொலைதான். நட."

"மேடம், ஒரு நிமிஷம்." குன்னார் நெற்றியைச் சொறிந்தார். "ஒரு சட்டச் சிக்கல் இருக்கு."

"என்ன?"

"பெரியவர் முதல் நாள் சாயங்காலம் வரை உயிரோட படகுலதான் இருந்திருக்கார். அப்ப, அன்னிக்குப் பிடிச்ச மீன் சட்டப்படி செல்லும். அதை மட்டும் என்னால பறிமுதல் பண்ண முடியாது."

பாலெட் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பண்ணாதீங்க குன்னார். பொட்டலம் கட்டி உங்க வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்க... சாப்பிடறதுக்கு முன்னால மறக்காம நீளத்தை அளந்துடுங்க!"